கணனியில் இருந்த கணக்குக் காணாமற் போனால்?

எமது கிராமங்களில் இயங்கும் சிக்கன, கடனுதவிச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் முன்பள்ளி நிர்வாகக் குழுக்களும் இன்று தமது கணக்குகளைப் பெரும்பாலும் கணனியிலேயே வைத்திருக்கின்றன. பேரேடு, பற்றுச்சீட்டுப் புத்தகம், அங்கத்தவர் இடாப்பு என்று ஓர் அலுமாரியை நிறைத்திருந்தவை எல்லாம் சில எக்செல் கோப்புகளுக்குள் அடங்கிவிட்டன. கூட்டற் பிழைகள் குறைந்திருக்கின்றன. பிரதேச செயலகத்தில் அறிக்கை கேட்டால் அன்றைக்கே அச்சிட்டுக் கொடுக்க முடிகிறது. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும் ஒரு விடயத்தில் பழைய பேரேடு கணனியிலும் மேலானது. பேரேட்டைக் கறையான் அரித்தால் அரித்த பக்கம் கண்ணுக்குத் தெரியும். மிகுதிப் பக்கங்களை வாசிக்கலாம். கணனியின் வன்தட்டோ நேற்று மாலைவரை ஒழுங்காக இயங்கியிருக்கும். இன்று காலை ஒரேயடியாக நின்றுவிடும்.

ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 120 அங்கத்தவர்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்கு 200 ரூபா சேமிக்கிறார்கள். ஆண்டொன்றுக்கு 12 இலட்சத்து 48 ஆயிரம் ரூபா சேர்கிறது. ஐந்து ஆண்டில் 62 இலட்சத்து 40 ஆயிரம். அந்தப் பணம் வங்கியிலும் கடனாக அங்கத்தவர் கையிலும் இருக்கிறது. வங்கிக்குத் தெரிந்தது சங்கத்தின் பெயரில் உள்ள மொத்தத் தொகை மட்டுமே. அதில் யாருடையது எவ்வளவு, யார் எத்தனை தவணை கட்டினார், யாருக்கு யார் பிணை நின்றார் என்பவற்றைச் சொல்வது அலுவலகத்திலுள்ள அந்த ஒரே கோப்புத்தான். அது அழிந்த பின்னர் வரும் கூட்டத்தில், "நான் போன தை மாதமே கடனைக் கட்டி முடிச்சிட்டன் அக்கா" என்று ஓர் அங்கத்தவர் சொன்னால், பொருளாளரால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்து வருடம் ஒன்றாகச் சேமித்தவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்குவது இப்படித்தான்.

எனவே காப்புப் பிரதி எடுத்தல் என்பது கணனி படித்தவர்களின் தனி வேலை அன்று. பணப்பெட்டியைப் பூட்டுவது யாருடைய பொறுப்போ அவருடைய பொறுப்பே இதுவும்.

எவ்வாறு அழிகின்றன?

முதற் காரணம் வன்தட்டின் இயல்பு. பழைய வகை வன்தட்டினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. அதன் மேல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் வாசிப்பு முனை ஓடுகிறது. இயங்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் அதோடு சரி. புதிய வகையான எஸ்.எஸ்.டி. தட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே அடிபட்டாலும் தாங்கும். ஆனால் அது பழுதடையும்போது முன்னறிவித்தல் இல்லாமலே பழுதடைவதுண்டு. பழைய வன்தட்டாவது கிறீச்சென்று சத்தம் போட்டு எச்சரிக்கும்.

இரண்டாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். கோப்பு ஒன்றைச் சேமித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால் அந்தக் கோப்பே திறக்க முடியாதபடி குழம்பிவிடலாம். மேசைக் கணனி வைத்திருப்போர் யு.பி.எஸ். இல்லாமல் கணக்கு வேலை செய்யலாகாது.

மூன்றாவது தண்ணீர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் ஆறும் மலையும் வந்தன. இத்தகைய வேளையில் கணனியும் அதன் அருகே மேசை இலாச்சியில் வைத்த காப்புப் பிரதியும் ஒரே வெள்ளத்தில் நனையும். இலாச்சியில் பிரதி இருந்தும் பயனில்லை.

நான்காவது களவு. ஐந்தாவது வைரஸ். ஆறாவது, எண்ணிக்கையில் பார்த்தால் முதலாவதாகவும் இருக்கக்கூடியது, மனிதக் கை. "பழசு" என்று நினைத்து அழித்துவிடுதல், சென்ற மாதக் கோப்பின் மேல் இந்த மாதத்தைச் சேமித்துவிடுதல், வரிசைப்படுத்தும்போது பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தித் தொகைகளை அப்படியே விட்டுவிடுதல். இந்தக் கடைசிப் பிழை மிகக் கொடியது. கோப்பு திறக்கும், மொத்தமும் சரியாக இருக்கும், ஆனால் ஒருவரின் சேமிப்பு இன்னொருவரின் பெயருக்கு நேரே நிற்கும். இரண்டு மாதம் கழித்தே கண்டுபிடிப்பார்கள். அவ்வேளை இரண்டு மாதத்துக்கு முந்திய பிரதி கையில் இருந்தாலன்றித் தப்ப வழியில்லை. நேற்று எடுத்த ஒரு பிரதி மட்டும் போதாது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

இது சிறு சங்கங்களின் பிரச்சினை மாத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 ஓகஸ்டில் எமது அரசாங்கத்தின் சொந்த முகில் சேமிப்பான 'லங்கா கவர்மண்ட் கிளவுட்' பணயத் தீநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பழைய தரவுகளை மீட்டார்கள். ஆனால் அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அக்காலத்து மின்னஞ்சல்கள் போய்விட்டன.

தென்கொரியா எம்மைவிட எவ்வளவோ முன்னேறிய நாடு. 2025 செப்டெம்பர் 26இல் அங்கே டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கல அறை ஒன்று தீப்பற்றியது. அரச ஊழியர்கள் தமது கோப்புகளைச் சேமித்து வைத்த ஒரு முகில் தொகுதி முழுவதும், 858 டெராபைட், எரிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. 'முகில்' என்று சொன்னாலும் அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், வேறொருவரின் கணனிகளில் இருப்பது. கட்டடம் எரியும்.

இன்னொரு கதை சற்று ஆறுதலானது. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' என்ற கேலிச்சித்திரப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்பு நாடாக்களை எடுத்துப் பார்த்தார்கள். அவை சில வாரங்களாகவே சரியாகப் பதியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டிலிருந்த கணனி. குழந்தை பிறந்திருந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை செய்தார். அதற்காக ஒரு பிரதி அவரிடம் இருந்தது. அந்தக் கணனியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து மெதுவாக ஓட்டி வந்தார்களாம்.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் குறோ என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் தம் தொழிலாருக்குச் சொன்ன விதி ஒன்று இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகிறது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

எமது சங்கத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால்: கணனியில் உள்ளது ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, முகிலில் ஒன்று. வெளி வன்தட்டு கணனி பழுதடைந்தாற் கைகொடுக்கும். முகில் அலுவலகமே இல்லாமற் போனாலும் கைகொடுக்கும். இணைய வசதி குறைந்த ஊராயின் முகிலுக்குப் பதில் இரண்டாவது வன்தட்டை வாங்கி வேறோர் ஊரிலுள்ள சகோதர சங்கத்தில் வைத்து மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். இரு சங்கங்களும் ஒன்றின் பிரதியை மற்றது வைத்திருக்கும் ஏற்பாடு செலவில்லாதது.

ஒன்றையே பல இடத்தில் வைத்தல் எமக்குப் புதிதும் அன்று. ஓலைச்சுவடிகள் காலப்போக்கில் உளுத்துப்போகும். ஆகவே பழையதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொண்டே வந்தார்கள்; எழுதாமல் விட்டவை போய்விட்டன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது ஊரூராகத் தேடிய ஏடுகளிலிருந்தே அது உருவாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இருந்தவை பின்னர் திரும்பக் கிடைத்தன. ஒற்றைப் பிரதியாக இருந்தவை கிடைக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பிரதி செய்து வருவது இந்த அனுபவத்தின் பின்னணியிலேயே.

வெளி வன்தட்டு

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. சங்கக் கணக்குக்கு 500 ஜிகாபைட், அல்லது 1 டெராபைட் தட்டு தாராளம். நம்பமுடியாத மலிவு விலையில் 2 டெராபைட் பென்டிரைவ் என்று விற்கப்படுவனவற்றை வாங்க வேண்டாம். அவற்றிற் பல உண்மையில் சில ஜிகாபைட் மட்டுமே கொள்ளும். உள்ளே உள்ள நிரல் கணனிக்குப் பொய் சொல்லும். நிரம்பிய பின்னும் எழுதுவதுபோலவே காட்டும். திறக்கும்போது ஒன்றும் இராது. பொதுவாகவே பென்டிரைவ் கோப்பைக் கொண்டு செல்வதற்கு உகந்தது, ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு அன்று. எஸ்.எஸ்.டி. தட்டும் மின்சாரம் ஏறாமல் நெடுங்காலம் அலுமாரியில் கிடந்தால் பதிவை இழக்கக்கூடும். நீண்டநாள் வைப்புக்குச் சுழலும் வகை வன்தட்டே இன்னும் நம்பகமானது. அதையும் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு தடவை புதியதாக மாற்ற வேண்டும்.

பிரதி எடுக்கும் முறை கடினமானதன்று. கணக்கு, இடாப்பு, கூட்ட அறிக்கை, கடிதங்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள். ஒரு பகுதி டெஸ்க்டொப்பில், ஒரு பகுதி டவுன்லோட்சில், ஒரு பகுதி யாரோ ஒருவரின் பென்டிரைவில் என்று சிதறிக் கிடந்தால் எந்த முறையும் பலிக்காது. பின்பு வாரத்தில் ஒரு குறித்த நாளில், சேமிப்புச் சேகரித்த அன்று மாலையே, அக்கோப்புறையை வெளி வன்தட்டில் பிரதி செய்யுங்கள். பெயரை ஆண்டு, மாதம், திகதி என்ற ஒழுங்கில் இடுங்கள்: 'கணக்கு 2025-06-14' என்றவாறு. ஆண்டு முதலில் வந்தால் கணனி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கிவிடும். பழையதன் மேல் புதியதை எழுத வேண்டாம். கணக்குக் கோப்புகள் மிகச் சிறியவை. 5 மெகாபைட் வீதம் வாரந்தோறும் எடுத்தாலும் ஓர் ஆண்டில் 260 மெகாபைட்தான். இடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இடத்தைத் தின்பவை நிழற்படங்களும் ஒளிப்படக் காட்சிகளுமே. அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்து மாதம் ஒரு முறை எடுத்தால் போதும்.

விண்டோஸ் கணனியில் 'பைல் ஹிஸ்டரி' என்ற வசதி கண்ட்ரோல் பனலில் இருக்கிறது. வெளி வன்தட்டைப் பொருத்தி அதை இயக்கிவிட்டால், மாறிய கோப்புகளை மணித்தியாலத்துக்கு ஒரு முறை தானாகவே பிரதி செய்யும். பழைய நிலைகளையும் திகதிவாரியாக வைத்திருக்கும். கணக்கு மென்பொருள் பாவிப்போர் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் 'பக்அப்' கட்டளையைக் கொடுத்து வரும் கோப்பைப் பிரதி செய்ய வேண்டும். மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் தரவுக் கோப்பை நேரடியாகப் பிரதி செய்தால் அரைகுறையாக வரலாம்.

வேலை முடிந்ததும் 'பாதுகாப்பாக அகற்று' என்ற கட்டளையைக் கொடுத்துக் கழற்றி, கணனி இருக்கும் அறையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். கழற்றுவது முக்கியம். 2017 மே 12இல் பரவிய 'வன்னகிரை' என்ற பணயத் தீநிரல் 150இற்கும் அதிகமான நாடுகளில் கணனிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இவ்வகை நிரல்கள் கணனியோடு பொருத்தியிருக்கும் எல்லாத் தட்டையும் தேடிப் பூட்டும். எப்போதும் செருகியே கிடக்கும் வெளி வன்தட்டும் சேர்ந்தே பூட்டுப்படும். அலுமாரிக்குள் கிடக்கும் தட்டை எந்த நிரலும் தொட முடியாது.

முகில் சேமிப்பு

கூகிள் கணக்கு ஒன்றைத் திறந்தால் 15 ஜிகாபைட் இலவசம். மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் வன்டிரைவில் 5 ஜிகாபைட், டிரொப்பொக்சில் 2. கூகிளின் 15 ஜிகாபைட்டில் மின்னஞ்சலும் நிழற்படங்களும் அடங்கும். அந்தக் கணக்கோடு இணைத்த தொலைபேசி இருப்பின் வட்ஸ்அப் பிரதியும் அதற்குள்ளேயே போகும். நிரம்பிவிட்டால் புதிய கோப்பும் ஏறாது, மின்னஞ்சலும் வந்து சேராது. எனவே சங்கத்துக்கெனத் தனிக் கணக்குத் திறந்து அதைக் கணக்கு வேலைக்கு மட்டும் பாவிப்பதே சிறந்தது.

இணையம் மெதுவாக உள்ள ஊர்களுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 1 ஜிகாபைட் அனுப்ப ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். 5 மெகாபைட் கணக்குக் கோப்பு எட்டு நொடியில் போய்விடும். டேட்டா செலவு பற்றிய அச்சம் நிழற்படத்துக்குப் பொருந்தும், பேரேட்டுக்குப் பொருந்தாது.

இங்கே பலர் இடறி விழும் குழி ஒன்று உண்டு. கூகிள் டிரைவ், வன்டிரைவ் ஆகியவை கணனியில் நிறுவப்பட்டதும் செய்வது ஒத்திசைத்தல். அதாவது கணனியில் உள்ள கோப்புறையையும் முகிலில் உள்ளதையும் ஒரே மாதிரியாக வைத்திருத்தல். கண்ணாடி முன் நிற்பதைப் போன்றது இது. நீங்கள் பொட்டை அழித்தால் கண்ணாடியிலும் பொட்டு அழியும். கணனியில் கோப்பை அழித்தால் சில நொடியில் முகிலிலும் அழிந்துவிடும். வைரஸ் பூட்டினால் பூட்டிய கோப்பே மேலே ஏறும். இன்னும், இம்மென்பொருள்களில் ஒரு தெரிவின்படி கோப்பு முகிலில் மட்டுமே இருக்கும். கணனியில் பெயர் மாத்திரம் தெரியும். அதைப் பார்த்து "இரண்டு இடத்தில் இருக்கிறது" என்று நினைத்தால் உண்மையில் இருப்பது ஓரிடத்தில்தான்.

அதற்காக ஒத்திசைத்தல் வேண்டாம் என்பதல்ல. கூகிள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாட்கள் குப்பைக்கூடையில் இருக்கும். எக்செல் போன்ற கோப்பின் முந்திய நிலைகளும் 30 நாட்கள்வரை கிடைக்கும். நாட்கள் கடந்தால் இல்லை. எனவே ஒத்திசைக்கும் கோப்புறைக்கு வெளியே, 'மாத இறுதிப் பிரதிகள்' என்று வேறொரு கோப்புறையை முகிலில் அமைத்து, மாதம் ஒரு தடவை இணையத்தளம் வழியாகக் கையாலே ஏற்றி வையுங்கள். அதைப் பிறகு எவரும் தொடக் கூடாது.

அடுத்த பிரச்சினை தொழில்நுட்பத்தோடு தொடர்புடையதன்று. எமது சங்கங்களின் நடைமுறையோடு தொடர்புடையது. "கணனி தெரிஞ்ச பிள்ளை" ஒருத்தி தன் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து முகிற் கணக்கைத் திறந்து தருகிறாள். இரண்டு ஆண்டில் அவள் திருமணமாகி வெளிநாடு போய்விடுகிறாள், அல்லது கொழும்பில் வேலை கிடைக்கிறது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. மாற்றக் கேட்டால் குறியீடு அவளுடைய பழைய சிம்முக்குப் போகிறது. அந்தச் சிம் இப்போது செயலிழந்து கிடக்கிறது. கோப்புகள் முகிலில் பத்திரமாகவே இருக்கின்றன, ஆனால் எவராலும் எடுக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் எவரும் உள்நுழையாத தனிநபர் கணக்கைக் கூகிள் நிறுவனம் முற்றாக நீக்கிவிடவும் கூடும். ஆகவே கணக்கைச் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்குச் சொந்தமான சிம் இலக்கத்தில் திறவுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியதும் அவசரக் குறியீடுகள் பத்துத் தரப்படும். அவற்றை அச்சிட்டு, கடவுச்சொல்லுடன் உறையிலிட்டு, உறையின் மேல் தலைவரும் பொருளாளரும் கையொப்பமிட்டுப் பணப்பெட்டியில் வையுங்கள்.

அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கமும் கடன் விபரமும் பிறர் கையில் அகப்படலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விடயத்தை நோக்கியே ஆக்கப்பட்டது. எக்செல் கோப்பைத் திறப்பதற்கே கடவுச்சொல் இடலாம். அதை மறந்தால் உங்களுக்கும் திறக்காது என்பதால் அதுவும் அந்த உறைக்குள் போக வேண்டும்.

மீட்டல்

காப்புப் பிரதி பற்றிப் பேசும் பலர் இங்கே வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். எடுத்தல் பாதி வேலைதான். திரும்ப எடுக்க முடியுமா என்று பார்க்காத பிரதி, முளைக்குமா என்று பார்க்காத விதைநெல்லைப் போன்றது. விதைநெல்லில் ஒரு பிடியை நனைத்து முளைப்புப் பார்க்காமல் எந்த விவசாயியும் வயலில் இறங்க மாட்டார்.

இவ்விதழ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் கைக்கு வருகிறது. வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு மீட்டற் பயிற்சி செய்து பாருங்கள். அலுவலகக் கணனியில் செய்ய வேண்டாம். வேறொரு கணனியை, பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ உள்ள ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அலுவலகம் இல்லாமற் போனால் அப்படியொன்றில்தானே செய்ய வேண்டியிருக்கும்? வெளி வன்தட்டைப் பொருத்தி, ஏதாவதொரு மாதத்தின் கோப்புறையை 'பரிசோதனை' என்ற பெயரில் புதிய இடத்தில் பிரதி செய்து திறவுங்கள். இருக்கும் கோப்பின் மேல் ஒருபோதும் மீட்க வேண்டாம். பழுதென்று நினைத்த கோப்பு உண்மையில் நல்லதாகவும், பிரதி பழையதாகவும் இருந்துவிட்டால் இரண்டையும் இழப்பீர்கள்.

கோப்புத் திறந்துவிட்டது என்பதோடு திருப்திப்படக் கூடாது. அந்த மாத இறுதியில் அச்சிட்டுக் கையொப்பமிட்ட இருப்புப் பட்டியலை எடுத்து ஒப்பிடுங்கள். அங்கத்தவர் தொகை சரியா? மொத்தச் சேமிப்புச் சரியா? எங்காவது நடுவிலிருந்து ஐந்து பெயர்களை எடுத்து அவர்களின் பாஸ் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். முன்பு கூறிய வரிசைப் பிழை இருந்தால் இந்த ஐந்து பெயர்களில் அகப்படும், மொத்தத்தில் அகப்படாது. மாத இறுதிப் பட்டியலை அச்சிடும் பழக்கத்தைக் கைவிட்ட சங்கங்கள் அதை மீண்டும் தொடங்குவது நல்லது. எல்லா மின்சாதனமும் தோற்றாலும் அந்தத் தாளைப் பார்த்து இரண்டு நாளில் மீளப் பதியலாம்.

பழைய தமிழ்க் கோப்புகளை மீட்கும்போது இன்னொரு சிக்கல் எழும். யுனிகோட் பரவுமுன் எமது நாட்டில் பெரும்பாலான அலுவலகங்கள் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதின. சில இன்னமும் அதைத்தான் பாவிக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகத் தோன்றும். கோப்புப் பழுதடைந்துவிட்டதென்று பயந்து அழித்துவிட வேண்டாம். பாமினி எழுத்துருவை நிறுவினால் தமிழ் தானாகவே தெரியும். எனவே காப்புப் பிரதியுடன் எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே வையுங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கத்தவர் பெயர்ப் பட்டியலை முதலில் மாற்றிக்கொள்வது பலனுள்ளது.

விண்டோஸ் 11 உடன் வரும் பல புதிய மடிக்கணனிகளில் வன்தட்டு முழுவதும் 'பிட்லொக்கர்' முறையில் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். திருடன் கையில் போனால் அவனால் வாசிக்க முடியாது, அது நன்மை. ஆனால் கணனி பழுதடைந்து தட்டைக் கழற்றி வேறொன்றில் பொருத்தினால் 48 இலக்கம் கொண்ட மீட்புத் திறவுகோல் ஒன்றைக் கேட்கும். அது பெரும்பாலும் முதன்முதலில் கணனியைத் தொடக்கியவரின் மைக்ரோசொவ்ட் கணக்கில் இருக்கும். கணனி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி எடுத்து அச்சிடுங்கள். இல்லாவிட்டால் எந்தத் திருத்துநராலும் உதவ முடியாது.

பிரதியே இல்லாமல் அழிந்துவிட்டால்?

முதலில் மறுசுழற்சிக் கூடையைப் பாருங்கள். அங்கே இல்லையெனில் உடனே அந்தக் கணனியில் வேலையை நிறுத்துங்கள். கோப்பை அழித்ததும் சுழலும் வன்தட்டிலிருந்து அது உடனே மறைவதில்லை. அந்த இடம் வெறுமை என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வாய்ப்புண்டு. 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். அந்த மென்பொருளை அதே தட்டில் நிறுவினால் மீட்க வேண்டியதன் மேலேயே அதை எழுதியதாகும். வேறு தட்டில் வைத்து இயக்க வேண்டும். பென்டிரைவிலும் கமராவின் அட்டையிலும் மறுசுழற்சிக் கூடை கிடையாது. ஆயினும் இம்முறையால் அவற்றிலிருந்து பலவற்றை மீட்க முடிவதுண்டு. கணனிக்குள் உள்ள எஸ்.எஸ்.டி. தட்டில் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

வன்தட்டு டிக் டிக் என்று சத்தமிட்டால் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி அப்படியே தரவு மீட்பவரிடம் கொண்டு செல்லுங்கள். செலவு பெரிது, முழுமையாகக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. நனைந்த தட்டையும் வெயிலில் உலர்த்தி இயக்கிப் பார்க்கக் கூடாது.

பணயத் தீநிரல் பூட்டிவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கோப்புத் திரும்பியதில்லை. இணைய வயரைக் கழற்றுங்கள். ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பும் பிறரும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சிலவகைத் தீநிரலுக்குத் திறவுகோல்கள் இலவசமாக உண்டு. கணனியை முற்றாகத் துடைத்து விண்டோசைப் புதிதாக நிறுவிய பின்னரே காப்புத் தட்டைப் பொருத்துங்கள். அவசரப்பட்டு முன்னரே பொருத்தினால் கடைசிப் பிரதியும் பூட்டுப்படும்.

இவற்றை யார் செய்வது என்பதை நிர்வாக சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். வாரப் பிரதிக்கு ஒருவர். அவர் வராத வாரத்துக்கு இன்னொருவர். மீட்டற் பயிற்சிக்கு இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர். ஒரு 40 பக்க அப்பியாசக் கொப்பியில் திகதி, எடுத்தவர், தட்டின் இலக்கம், பரிசோதித்தவர், தொகை ஒத்ததா என ஐந்து நிரல் கீறினால் போதும். வருடாந்தக் கணக்காய்வின்போது அந்தக் கொப்பியையும் காட்டும்படி கேட்கலாம். புதிய பொருளாளர் தெரிவாகும் அன்று பழையவர் சாவியைக் கொடுக்கும்போது, பணப்பெட்டியிலுள்ள உறையைச் சபையின் முன் உடைத்து, கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறையில் இட்டுக் கையொப்பமிட வேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் பிடிக்கும். தேநீருக்கு முன் முடித்துவிடலாம்.